பூச்சி அரித்த காகிதமும் வில்லியம் கேரியும்

வில்லியம் கேரி என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தியாவுக்கு வந்து பல மொழிகளில் பைபிளை மொழிபெயர்த்தார் என்பது ஒன்று. உடன்கட்டை ஏறும் வழக்கத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பது இன்னொன்று. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞாயிறு பள்ளியிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரி இருந்தால் அதிகம்.

எனக்கு அவர் மேல் ஆர்வம் வந்தது வேறு வழியில். நான் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் இருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், பிழைப்பு நடப்பது சாஃப்ட்வேரில். பக்கத்து ஊர் போல்டன். ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு காலத்தில் பஞ்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளுமாக இருந்த ஊர் அது. அங்கே த்வெய்ட்ஸ் அண்ட் ராத்வெல் என்ற பட்டறையில் செய்த 12 குதிரைத்திறன் நீராவி இயந்திரம் ஒன்று 1820ல் கல்கத்தா பக்கத்தில் ஓட ஆரம்பித்தது. இந்தியா பார்த்த முதல் சில நீராவி இயந்திரங்களில் அதுவும் ஒன்று. அதை வரவழைத்தது ரயில்வே கம்பெனி இல்லை, பஞ்சாலையும் இல்லை. ஒரு காகித ஆலை. அந்த ஆலையை நடத்தியவர்களில் மூத்தவர் இந்தக் கேரிதான்.

ஒரு பாதிரியாருக்குக் காகித ஆலை எதுக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கேரியின் வாழ்க்கையும் தெரிகிறது. இந்தியா மாதிரி ஒரு நாட்டில் ஒரு தொழில் எப்படிப் பிறக்கிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதும் தெரிகிறது. மத மாற்றம் சரியா தப்பா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது காகிதத்தைப் பற்றி.

சுவரில் ஒட்டிய உலகம்

கேரி பிறந்தது 1761 ஆகஸ்ட் 17. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற கிராமம். அப்பா முதலில் நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். வசதி கிடையாது. வெயில் பட்டால் தோலில் பிரச்சினை வரும் என்பதால் வயல் வேலைக்கு அனுப்ப முடியவில்லை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள விட்டார்கள்.

தைத்துக்கொண்டே படித்தார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு எல்லாம் பெரும்பாலும் தானாகக் கற்றவை. பட்டறைச் சுவரில் பல காகிதத் தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, கையால் வரைந்த பெரிய உலகப் படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். எந்த நாட்டில் எத்தனை மக்கள், அவர்கள் எந்த மதம் என்று கிடைத்த விவரத்தை எல்லாம் அதில் எழுதிக்கொண்டே வருவார். இன்றைக்கு நாம் டேட்டாபேஸ் என்று சொல்வதைச் சுவரில் வைத்திருந்தவர்.

1792ல் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மறு வருஷமே இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. உள்ளூர் மக்களின் மத விஷயத்தில் கைவைத்து வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். அதனால் கேரி குடும்பம் ஏறியது ஒரு டென்மார்க் கப்பலில். அஞ்சு மாதப் பயணம். 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

இங்கே அவருடைய மனைவி டாரதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த அம்மாவுக்கு வர விருப்பமே இல்லை. கைக்குழந்தை வேறு. முதலில் மறுத்தவர், கடைசி நேரத்தில், தங்கச்சியும் கூட வந்தால் வருகிறேன் என்று கிளம்பினார். வந்த இடத்தில் பணம் இல்லை, சரியான வீடு இல்லை, சாப்பாட்டுக்கே திண்டாட்டம். 1794ல் அஞ்சு வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதியின் மனநிலை குலைந்தது. 1807ல் இறக்கும்வரை அவர் மீளவில்லை. பக்கத்து அறையில் அவர் அடைபட்டிருக்க, இந்தப் பக்கம் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர்களுக்கு இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. கேரியின் சாதனைப் பட்டியலைச் சொல்லும்போது, அந்தக் கணக்கில் டாரதி கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவுரித் தொட்டியில் கற்ற பாடம்

கையில் காசு தீர்ந்ததும் கேரி வேலைக்குப் போனார். வடக்கு வங்காளத்தில் மால்டா பக்கம் முத்னாபட்டி என்ற இடத்தில் ஒரு அவுரிச் சாய ஆலையில் மேனேஜர். 1794லிருந்து 1799 வரை அங்கேதான் இருந்தார்.

அவுரி ஆலை என்றால் என்ன? செடியை வெட்டிக் கொண்டுவந்து தொட்டியில் ஊறப்போட வேண்டும். சாறு இறங்கிய தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு விட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி நின்று அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் பட்டுச் சாயம் அடியில் படியும். அதை வடிகட்டி, காய்ச்சி, கட்டியாக்கிக் காயவைப்பார்கள். கச்சாப் பொருள், தண்ணீர், ஆள் பலம், தரம், வெள்ளம் வந்தால் நஷ்டம். அந்தத் தொழிலில் வங்காள விவசாயிகள் பட்ட கஷ்டம் தனிக் கதை. ஆனால் இந்தியாவில் கேரியின் முதல் ஆறு வருஷப் பயிற்சி பிரசங்க மேடையில் மட்டும் நடக்கவில்லை, ஒரு தொழிற்சாலையிலும் நடந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அங்கே இருக்கும்போதே வங்காள மொழியைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1798ல் ஒரு பழைய மர அச்சு இயந்திரமும் கிடைத்தது. ஆனால் கம்பெனி ஆட்சிப் பகுதியில் அவரால் சுதந்திரமாக இயங்க முடியவில்லை. 1799ல் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் வார்டும் ஜோஷுவா மார்ஷ்மேனும் கம்பெனி எல்லைக்குள் தங்காமல் செராம்பூர் போனார்கள். ஹூக்ளி ஆற்றங்கரையில் டென்மார்க் கொடி பறந்த சின்ன ஊர். 1800 ஜனவரியில் கேரியும் அங்கேயே குடிபோனார்.

அங்கே அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த டென்மார்க் கவர்னர் ஓலே பீ, முன்பு நம்ம தரங்கம்பாடியில் இருந்தவர். அங்கிருந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாரை நன்றாக அறிந்தவர். கம்பெனி கேட்டும் அவர் இவர்களை ஒப்படைக்கவில்லை.

மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி, சம்பாத்தியத்தைப் பொதுவில் போட்டு வாழ்ந்தார்கள். வார்டு தொழில்முறை அச்சுக்காரர். மார்ஷ்மேன் பள்ளி நடத்தினார். கேரி 1801லிருந்து கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளமும் பிறகு சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுத்தார். மாதம் 500 ரூபாயில் ஆரம்பித்துப் பிறகு 1000 ரூபாய். அந்தக் காலத்துக்கு அது பெரிய சம்பளம். அதில் பெரும்பகுதி அச்சகத்துக்கே போனது.

எழுத்து வார்க்க ஆள் வேண்டுமே? அதற்குக் கிடைத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கைவினைஞர். அவருக்குப் பின் அவருடைய மருமகன் மனோகர். இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் செராம்பூர் அச்சகம் இல்லை. நுணுக்கமான எழுத்துகளை இரும்பில் வெட்டி, அச்சு எடுத்து, ஈயத்தில் வார்த்துத் தந்தது உள்ளூர்க் கைகள்தான்.

காகிதம்தான் சிக்கல்

மொழி தயார், ஆள் தயார், எழுத்து தயார், இயந்திரம் தயார். காகிதம்?

இங்கிலாந்துக் காகிதம் கப்பலில் வர அஞ்சாறு மாதம் ஆகும். விலையும் தாங்காது. உள்ளூரில் கையால் செய்த காகிதம் கிடைத்தது. இந்தியாவில் கைக்காகிதத் தொழில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. சணல், பழைய கோணிப்பை, நைந்த கயிறு போன்றவற்றைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக எடுப்பார்கள். கடைசியில் அரிசிக் கஞ்சி பூசிக் காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்குவார்கள்.

கஞ்சி எதுக்கு? பூசாத காகிதத்தில் மை பரவிவிடும். துணியில் மை சொட்டினால் என்ன ஆகும், அதே கதைதான். கஞ்சி அந்த நார்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளை அடைக்கும். எழுதுவதற்கு அருமையான காகிதம். ஒரே ஒரு குறை. அரிசிக் கஞ்சி நமக்கு மட்டும் சாப்பாடு இல்லை, பூச்சிக்கும் சாப்பாடு. வங்காளத்து ஈரக் காற்றில் அது இன்னும் மோசம். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அச்சாவதற்குள், முன்பு அச்சான முதல் பக்கங்களைப் பூச்சி அரித்துவிடும் என்ற அளவுக்கு நிலைமை இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் மொழிபெயர்த்து, மாசக்கணக்கில் எழுத்துக் கோத்து அச்சடித்தது எல்லாம் பூச்சிக்கு விருந்து. எங்கள் துறையில் பக் என்றால் மென்பொருள் பிழை. செராம்பூர்க்காரர்களுக்கு அது நிஜப் பூச்சி.

இந்தக் காகிதக் கஷ்டத்தை அவர்களுக்கு நூறு வருஷம் முன்பே பட்ட இடம் நம்ம தரங்கம்பாடி. அதுவும் டென்மார்க் ஊர்தான். அங்கே சீகன்பால்கு பாதிரியாருக்கு 1712ல் அச்சு இயந்திரமும், 1713ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு. அதே அளவில் முழுப் புத்தகம் போட்டால் இருக்கிற காகிதம் எல்லாம் தீர்ந்துவிடும். அதனால் உள்ளூரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அதோடு பக்கத்தில் பொறையாறில் ஒரு காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். அது நீண்ட காலம் ஓடவில்லை. சீகன்பால்குவும் 1719ல் 36 வயதிலேயே இறந்துவிட்டார்.

ஆக, சிக்கல் புதிது இல்லை. அதை எதிர்கொள்ள இரண்டு வழிதான். ஒன்று, எழுத்தைச் சுருக்கித் தேவையைக் குறைப்பது. இன்னொன்று, காகிதத்தை நாமே செய்வது. தரங்கம்பாடி இரண்டையும் முயன்று, முதலாவதில் ஜெயித்தது. செராம்பூர் இரண்டாவதில் இறங்கியது.

நெருப்பும் நெருப்புக்குப் பிறகும்

1812 மார்ச் 11ம் தேதி மாலை செராம்பூர் அச்சகம் தீப்பிடித்தது. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். பல மொழி அச்செழுத்துகள், சேர்த்து வைத்த காகிதம், அச்சான தாள்கள், எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கேரியின் கைப்பிரதிகள் எரிந்து போயின. பல இந்திய மொழிகளை ஒப்பிட்டு அவர் தொகுத்துக்கொண்டிருந்த பெரிய அகராதி, தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்கள், ராமாயண மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி எல்லாம் போய்விட்டன. வேறு பிரதி கிடையாது.

அச்சு இயந்திரங்கள் தப்பின. எழுத்து வார்க்கும் அச்சுகளும் தப்பின. சாம்பலில் உருகிக் கிடந்த ஈயத்தை அள்ளி எடுத்து, அதையே மறுபடி எழுத்தாக வார்த்தார்கள். செய்தி பிரிட்டனுக்குப் போனதும் நஷ்டத்துக்கு ஈடாக 10,000 பவுண்டு வரை திரண்டது. கேரி மறுபடி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 50 வயது.

வேகம் குறையவில்லை, கூடியது. 1801க்கும் 1832க்கும் இடையில் செராம்பூரில் சுமார் 40 மொழிகளில் 2,12,000 பிரதிகள் அச்சானதாகக் கணக்கு. 1818ல் சமாச்சார் தர்பண் என்ற வங்காள வாரப் பத்திரிகையும் வர ஆரம்பித்தது. புத்தகத்துக்கு என்றால் காகிதம் வரும்வரை காத்திருக்கலாம். பத்திரிகை காத்திருக்காது. ஒவ்வொரு வாரமும் காகிதம் வேண்டும்.

செராம்பூர்க் காகித ஆலை இந்தத் தேவையில்தான் வளர்ந்தது. பூச்சி எளிதில் அரிக்காத காகிதத்தைச் செய்தார்கள். செராம்பூர்க் காகிதம் என்றே அதற்குப் பேர் வந்தது.

ஆனால் ஆலையில் ஒரு பெரிய சிரமம். காகிதத்தில் கஷ்டமான வேலை தாள் எடுப்பது இல்லை, கூழ் ஆக்குவது. நார் நாராகப் பிரியும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சக்தி வேண்டும். செராம்பூரில் அந்தச் சக்தி மனிதக் கால்களிலிருந்து வந்தது. படிகள் வைத்த பெரிய சக்கரத்தை ஆட்கள் ஏறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 40 பேர் முறை போட்டு மிதித்தார்கள்.

ஒரு நாள் அந்தச் சக்கரத்தில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. அந்தச் சாவுதான் நீராவி இயந்திரத்தை வரவழைக்கும் முடிவுக்குத் தள்ளியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் நாள் முழுக்கத் தொடர்ந்து வேலை செய்தால் தரக்கூடிய சக்தி ஒரு குதிரைத்திறனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 40 பேரும் ஒரே நேரத்தில் ஏறி மிதித்தாலும் 4 குதிரைத்திறன். முறை போட்டு மிதித்தால் அதிலும் குறைவு. போல்டனிலிருந்து வந்த இயந்திரம் 12 குதிரைத்திறன். அதாவது 120 பேர் ஒரே நேரத்தில் மிதிப்பதற்குச் சமம். அதற்குக் களைப்பு கிடையாது, கால் வழுக்காது, செத்தும் போகாது. என் வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் காரின் சக்தி இதைவிடப் பல மடங்கு. ஆனால் 1820ல் அந்த 12 குதிரைத்திறன், அந்தச் சக்கரத்தில் இனி யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லப் போதுமானதாக இருந்தது.

வேடிக்கை பார்த்தவர்கள்

1820 மார்ச்சில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. உள்ளூர் மக்கள் அதற்குத் தீ இயந்திரம் என்று பேர் வைத்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இயந்திரத்தை ஓட்ட இங்கிலாந்திலிருந்தே ஒரு ஆளையும் வரவழைத்திருந்தார்கள். வருகிறவர்கள் கேட்ட கேள்விகளில் அந்த ஆளுக்குப் பொறுமையே போய்விட்டதாம்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஒரு பக்கம், சொன்ன வேலையைச் செய்ய வந்த வெளிநாட்டு ஆபரேட்டர். மறுபக்கம், இது எப்படி ஓடுது என்று துளைத்து எடுக்கும் வங்காளக் கூட்டம். இன்றைக்கு நானும் என் நண்பர்களும் அந்த ஆபரேட்டர் இடத்தில் இருக்கிறோம். போல்டன் பக்கத்து அலுவலகங்களில் அவர்களுடைய சர்வர்களை நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். காலம் ஆளை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறது. ஆனால் ஓட்டுவது வேறு, செய்வது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்ட ஒருவர் வந்தார்.

அவர் கோலக் சந்திரா. ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், பாரக்பூர் பக்கம் டிட்டாகர் என்ற ஊரில் கொல்லர். பள்ளியில் இன்ஜினீயரிங் படித்தவர் இல்லை. செராம்பூர் இயந்திரத்தை மாதிரியாக வைத்து, எந்த ஐரோப்பியரின் உதவியும் இல்லாமல், தானே ஒரு நீராவி இயந்திரத்தைச் செய்தார். 1828 ஜனவரியில் கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கண்காட்சியில் அதைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு 50 ரூபாய் பரிசு கொடுத்தார்கள்.

அந்தக் கண்காட்சியை நடத்திய சங்கமும் கேரியோடு சம்பந்தப்பட்டதுதான். 1820 செப்டம்பரில் அவர் முயற்சியில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அது. கேரிக்குச் செடி கொடி என்றால் உயிர். செராம்பூரில் பெரிய தாவரத் தோட்டமே வைத்திருந்தார். ராக்ஸ்பர்கின் தாவரவியல் நூல்களைப் பதிப்பித்தார். 1811ல் வங்காள விவசாயத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், மரம் வளர்ப்பதன் அவசியத்தையும் சொன்னார். அரசாங்கம் வனத்துறை என்று ஒன்றை அமைக்க அதற்கு அப்புறம் அரை நூற்றாண்டு ஆனது. காகிதத்துக்கு மரமும் நாரும் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வந்தவர்களுக்குப் புரிந்தது.

கேரியின் பரிசளிக்கும் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கொல்லர் செய்ததைக் கல்கத்தாவின் பெரிய மனிதர்கள் முன்னால் வைத்துப் பாராட்ட ஒரு மேடை இருந்ததே பெரிய விஷயம். ஆனா பரிசுக்கு அப்புறம் என்ன? அதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம். கோலக் சந்திரா இயந்திரத் தொழிற்சாலை முதலாளி ஆகவில்லை. டிட்டாகர் இந்தியாவின் போல்டன் ஆகவில்லை. 50 ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆர்டர் கிடைக்கவில்லை.

கடைசி வருஷங்கள்

கேரியின் கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. இரண்டாவது மனைவி சார்லட் 1821ல் இறந்தார். 1823ல் வார்டு போனார். அதே வருஷம் வெள்ளம் வந்து, பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டத்தைச் சேதப்படுத்தியது. 1827ல் தாய்ச் சங்கத்தோடு உறவு முறிந்தது. 1830லிருந்து கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாக, செராம்பூர்ப் பணமும் அதில் மாட்டியது. ஃபோர்ட் வில்லியம் கல்லூரி வருமானமும் சுருங்கியது.

இதற்கு நடுவில்தான் 1829 டிசம்பரில் உடன்கட்டையைத் தடை செய்யும் அரசாணை வந்தது. அதை வங்காளத்தில் மொழிபெயர்க்கும் பொறுப்பு கேரியிடம் வந்தது. ஒரு நாள் தாமதித்தாலும் எங்கோ ஒரு பெண் எரிவாள் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

1834 ஜூன் 9ம் தேதி செராம்பூரில் இறந்தார். வயது 72. இந்தியாவுக்கு வந்த பிறகு 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை டிக்கெட் விலை பார்க்கிற நமக்கு அதைக் கற்பனை செய்வதே கஷ்டம். 1845ல் டென்மார்க் தன் ஊர்களான செராம்பூரையும் தரங்கம்பாடியையும் கம்பெனிக்கே விற்றுவிட்டது.

அரை நூற்றாண்டு இடைவெளி

செராம்பூர் ஆலை கேரிக்குப் பிறகு கொஞ்ச காலம் ஓடி நின்றது. கல்கத்தா பக்கம் பாலியில் பெரிய இயந்திரக் காகித ஆலை வந்தது 1870ஐ ஒட்டி. பிறகு 1879ல் லக்னோ. 1882ல் எங்கே தெரியுமா? டிட்டாகர். கோலக் சந்திராவின் அதே டிட்டாகர். அவர் பரிசு வாங்கி 54 வருஷம் கழித்து அவர் ஊரில் இந்தியாவின் பெரிய காகித ஆலைகளில் ஒன்று தொடங்கியது. முதலீடு பிரிட்டிஷ் முதலீடு. இயந்திரங்கள் கப்பலில் வந்தவை. உள்ளூர் ஆட்களுக்குக் கிடைத்தது கூலி வேலை.

இதற்கிடையில் பழைய கைக்காகிதத் தொழிலும் தேய்ந்தது. இங்கிலாந்துக் காகிதம் ஒரு பக்கம், ஆலைக் காகிதம் மறுபக்கம். நடுவில் காகிதம் செய்தே வாழ்ந்த குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின.

ஆலைகளுக்கும் சும்மா வந்துவிடவில்லை வளர்ச்சி. கந்தல், சணல், பிறகு சபாய் புல் என்று கச்சாப் பொருளுக்கு அலைந்தார்கள். ஐரோப்பா மரக்கூழுக்கு மாறி விலையைக் குறைத்தபோது, இந்திய ஆலைகள் திணறின. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரைட் என்பவர் மூங்கிலைக் கூழாக்கும் முறையை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். 1925ல் மூங்கில் காகிதத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்து, இறக்குமதிக் காகிதத்துக்கு வரி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தொழில் காலூன்றியது.

கவனியுங்கள். செராம்பூரில் இருந்த எல்லாமே அப்போதும் இருந்தன. நார் இருந்தது, திறமையான கை இருந்தது, வாங்க ஆள் இருந்தது. ஆராய்ச்சியும் வரிப் பாதுகாப்பும் சேர்ந்தபோதுதான் தொழில் நிமிர்ந்தது.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1979ல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத்தான் அடுப்பில் எரித்துக்கொண்டிருந்தன. சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், உங்களுக்கு வேண்டிய எரிபொருளுக்கு நாங்கள் வழி செய்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். காட்டு மரம் குறைவான மாநிலத்தில், எரிகிற குப்பை காகிதமானது. அந்த இடத்துக்குக் காகிதபுரம் என்றே பேர். இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இருக்கிற பொருளைப் பார்த்தார்கள், யாருக்கு என்ன தேவை என்று பார்த்தார்கள், இரண்டையும் இணைக்கப் பணமும் பொறுமையும் போட்டார்கள்.

கேரியிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான். பூச்சி அரித்த காகிதத்தைப் பார்த்து, இந்த நாடே இப்படித்தான் என்று சலித்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. காகிதத்தையே சரி செய்யப் போனார். காகிதம் சக்கரத்தைக் கேட்டது. சக்கரம் ஒரு உயிரை வாங்கியது. அது நீராவியைக் கொண்டுவந்தது. நீராவி ஒரு கொல்லரின் கண்ணில் பட்டது. சங்கிலி அங்கே அறுந்தது. அறுந்ததற்குக் கேரி மட்டும் காரணம் இல்லை, ஒரு அந்நிய ஆட்சியே காரணம். ஆனால் இன்றைக்கு நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதே சங்கிலி அறுந்தால் அந்நியரைக் கை காட்ட முடியாது.

கல்லூரிக் கண்காட்சிகளில் மாணவர்கள் செய்து வைக்கும் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். கேடயம் கொடுப்போம், போட்டோ எடுப்போம், பேப்பரில் செய்தி வரும். அடுத்த மாதம் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கிற நாம் ஊருக்குப் பணம் அனுப்பும்போது கோயிலுக்கும், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும், பரிசளிப்பு விழாவுக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். நல்லதுதான். அதோடு, நம்ம ஊர்ப் பட்டறைக்காரர் செய்த ஒரு இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கி, ஓட்டிப் பார்த்து, குறை சொல்லி, அடுத்ததையும் வாங்குகிற வேலையையும் கொஞ்சம் செய்யலாம். கோலக் சந்திராவுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது ஆர்டர்தான்.